மத்தியான ஷிப்டில் அழுத சர்வர்

"தம்பி, நீங்க குடுத்த மிஷினு அழுவுது," என்றார் பாய், போனில்.

நான் சிரித்துவிட்டேன். மிஷினைப் பற்றி ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது எனக்குச் சாப்பாட்டைவிட ருசி. ஒருத்தர் "காலைலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீது" என்பார். இன்னொருத்தர் "பச்சத் தண்ணி குடிக்க மாட்டேங்குது" என்பார். பாதி ரிப்பேர் அந்தப் பேச்சிலேயே கிடக்கும். மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால் திரையில் கோளாறு. பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை என்றால் பவர் சப்ளை. அழுகிறது என்று மட்டும் அதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"எப்ப பாய் அழுவுது?"

அவருக்குப் பின்னால் லாரி ஹாரன் நீளமாகக் கேட்டது.

"நேர்ல வாங்க. போன்ல சொன்னா நீங்க என்ன லூசுன்னுடுவீங்க."

ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகள் அவை. மூடிப்போன கால் சென்டர்கள், இடம் மாறிய ஆபீஸ்கள் தள்ளிவிடும் சர்வர்களை வாங்கி வந்து பிரித்து, துடைத்து, பாகம் மாற்றி, சின்ன ஆலைகளுக்குக் கொடுப்பது என் பிழைப்பு. யாரிடமும் உட்கார்ந்து படித்ததில்லை. கழற்றினேன், கெடுத்தேன், மறுபடி கழற்றினேன். அவ்வளவுதான் படிப்பு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டுகிற ஓர் ஆலைக்கு அப்படி ஒரு ரேக் சர்வர் கொடுத்திருந்தேன். பீட்சா டப்பாவை ரெண்டு மடங்கு தடிமனாக்கி இரும்பில் செய்தது மாதிரி இருக்கும். உள்ளே ரெண்டு பிராசசர். அந்த ஆலைக்கு மேனேஜர்தான் பாய். பழவேற்காட்டுப் பக்கம் வியாபாரக் குடும்பத்து ஆள். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இல்லாமல் இரும்புத்தூளுக்கு நடுவே நாள் முழுக்க நடமாடுவார். எப்படி என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை.

செவ்வாப்பேட்டையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ஆலைக் கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு டிரைவர் வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். ஆந்திரா பக்கத்துக்காரர்.

"கம்ப்யூட்டர் பாக்க வந்தியா நைனா? மத்தியானம் பாரு. இப்போ அது நல்ல புள்ள."

"மத்தியானம் இன்னா ஆவும்?"

"அந்தம்மா வருவாங்க. வந்தா நாங்க எஞ்சின ஆஃப் பண்ணிடுவோம்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பில்லை.

விஷயத்தை பாய் தன் அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். லாரி காலியாக எடைமேடையில் ஏறும், கம்பி ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறும். ரெண்டு எடையும் சர்வரில் பதிவாகி, கேட் சீட்டு அச்சாகி வந்தால்தான் வண்டி வெளியே போக முடியும். மத்தியான ஷிப்டில் அந்த சீட்டு வரவே மாட்டேன் என்கிறது. டிரைவர் டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்து முடிக்கிற வரைக்கும் திரையில் மணற்கடிகாரம் சுற்றுகிறது. அந்த நேரத்தில் சர்வரிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்புகிறதாம்.

மத்தியான ஷிப்டில் சீட்டு அடிக்கிற நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்தவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வேலையை அவர் மனைவிக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை ஒன்று அவளுக்கு. அவள் லீவு போட்டு வேறொருவர் அங்கே உட்கார்ந்தால் மிஷின் ஒழுங்காக ஓடுகிறது. அவள் வந்தால் அழுகிறது.

"அவரு வந்து பொண்டாட்டிய பாத்துட்டு அழுவுறாருன்னு சொல்றாங்கோ தம்பி. நான் இதெல்லாம் நம்புற ஆளு இல்ல. ஆனா லாரிக்காரன் நம்புறான். மொதலாளி காதுக்கும் போயிடுச்சு. அந்தப் பொண்ண அங்கேர்ந்து தூக்கி யார்டுல கம்பி கட்டுற பக்கம் போடச் சொல்றாரு. அந்த வெயில்ல, அந்த வேலைய அது செய்யுமா? நின்னுடும். இந்த வாரத்துக்குள்ள நீங்க ஏதாச்சும் கண்டுபுடிச்சாதான்."

"பாய், அவரு போய் கொஞ்ச நாள் கழிச்சுதான நான் இந்த சர்வரக் குடுத்தேன்? இந்த மிஷினுக்கு அவரு யாருன்னே தெரியாதே?"

"மிஷினுக்குத் தெரியாது தம்பி," என்றார் பாய். "நாற்காலிக்குத் தெரியும்ன்றாங்கோ."

நம்பாத ஆள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் அறை சின்னது. ஏசி உண்டு. சர்வரை வைத்திருந்த விதம்தான் வேடிக்கை. அறைக்கும் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமுக்கும் நடுச் சுவரில் சன்னல் அளவுக்கு வெட்டி, அதில் இரும்புச் சட்டம் அடித்து சர்வரைச் செருகியிருந்தார்கள். ஒயர்களெல்லாம் கைக்கு எட்ட வேண்டும் என்று ஆலை எலக்ட்ரீசியன் அதன் முதுகை இந்தப் பக்கமும் முகத்தை ஸ்டோர் ரூம் பக்கமும் திருப்பிவிட்டிருந்தார். காற்றை முகத்தால் இழுத்து முதுகால் விடுகிற மிஷின் அது. ஏசி இங்கே, அது மூச்சு இழுப்பதோ அங்கே. மத்தியான வெயிலில் ஸ்டோர் ரூம் கொதிக்கிறது, கதை இவ்வளவுதான் என்று நினைத்தேன். பாயிடம் சொன்னேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணு லீவு போட்ட அன்னிக்கும் வெயில் அடிச்சுது தம்பி. அன்னிக்கு ஏன் அழுவல?"

மிஷினையே கேட்பது என்று உட்கார்ந்தேன்.

எண்ணிக்கொண்டே இருக்கிற ஒரு சின்ன புரோகிராமை எழுதி ஓடவிட்டேன். ஒன்றிலிருந்து ஒரு பெரிய எண் வரை எண்ணு, முடிந்ததும் திரையில் ஒரு புள்ளி வை, மறுபடி எண்ணு. நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிற மாதிரிதான். காலை முழுக்கப் புள்ளிகள் எறும்பு வரிசையாக, சீராக ஓடின.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அவள் வந்தாள். முப்பதுகூட இருக்காது. சாப்பாட்டுப் பையை மேசையின் கீழே வைத்துவிட்டு, "வாங்கண்ணா" என்றாள். நாற்காலியில் முதுகு சாயாமல் நுனியில் உட்கார்ந்தாள். ரெக்சின் முதுகில் ஒரு பள்ளம் இருந்தது. பல வருஷம் ஒரே ஆள் சாய்ந்து உண்டான பள்ளம். அதைத் தொடாமல்தான் அவள் உட்கார்ந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. உருட்டாலையின் அதிர்வு தரைவழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது. ரெண்டு சீட்டு அடித்தாள், சரியாகத்தான் வந்தது. பிறகு சர்வரின் ஃபேன்கள் மெல்லக் குரலை உயர்த்தின. ம்ம்ம் என்று இருந்தது ஈஈஈ என்று ஏறியது. தூரத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மாதிரியே இருந்தது. திரையைப் பார்த்தேன். எறும்பு வரிசை அறுந்துபோயிருந்தது. ஒரு புள்ளி வந்தது. நின்றது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. படி ஏற முடியாதவர் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவது போல.

விண்டோஸில் பிராசசர் வேகம் மாறாமல் அப்படியேதான் காட்டியது. எந்த புரோகிராமும் அதைத் தின்னவில்லை. வைரஸ் இல்லை. டிஸ்க் சும்மா இருந்தது. எல்லாம் சரி, ஆனால் மிஷின் நகரவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சர்வரின் முதுகிலிருந்து வருகிற சூடான காற்றில், லேசாக, சாம்பிராணி.

"உங்களுக்கும் வருதாண்ணா?" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஊட்ல அவரு படத்துக்குப் போடுற வாசன."

"பயமா இல்லையாம்மா?"

"எதுக்குண்ணா பயம்?"

அந்தக் கேள்வியை அவள் கேட்ட அமைதியில் எனக்குத்தான் பிடரி சிலிர்த்தது. பட்டப்பகல். கண்ணாடிக்கு வெளியே வெயில் வெள்ளையாய் எரிகிறது. ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். பாய் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்தார்.

"உள்ள வாங்க பாய்."

"இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது தம்பி. நான் நம்புறவன் இல்ல. ஆனா இங்கேர்ந்தே தெரியுது."

ஊருக்குத் திரும்புகிற வண்டியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் காலத்துப் பிராசசர்களுக்கு ஒரு குணம் உண்டு. சூடு எல்லை மீறினால் கருகாமலிருக்க நடுநடுவே நின்று நின்று ஓடும். ஓடுவது பாதி, நிற்பது பாதி. ஆனால் அதை வெளியே சொல்லாது. கேட்டால் முழு வேகத்தில் ஓடுவதாகத்தான் சொல்லும். ஃபேன் ஊளையிடுகிறது, பிராசசர் தடுமாறுகிறது என்றால் சூடு. சூடேதான். ஆனால் அவள் வந்தால் மட்டும் ஏறுகிற சூடு எங்கே இருக்கிறது?

மறுநாள் காலை டூல்ஸ் பெட்டியோடு போனேன். எடைமேடையை நிறுத்தச் சொல்லி, ஸ்டோர் ரூம் பக்கமிருந்து சர்வரை உருவிக் கீழே வைத்து மூடியைத் திறந்தேன். பிராசசர் மேலிருந்த அலுமினியத் தகடுகளுக்கு இடையே சந்தே தெரியவில்லை. பொரிவிளங்காய் உருண்டைக்குக் காய்ச்சிய பாகு மாதிரி பழுப்பாக ஒரு பிசின். அதில் இரும்புத்தூள் ஒட்டிக் கம்பளியாய்த் திரண்டிருந்தது. உலைப்புகையும் எண்ணெயும் சேர்ந்து பிடித்தது என்று எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிட் போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே பூசுகிற பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்தது. சுரண்டிவிட்டுப் புதுசு பூசினேன். சந்தேகத்துக்குப் பவர் சப்ளையையும் மாற்றினேன். எழுந்திருக்கும்போது ஸ்டோர் ரூம் தரையில், சர்வருக்கு நேர் கீழே, தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு தடம் பார்த்தேன். எப்போதோ வெல்டிங் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. மேலே யோசிக்கவில்லை.

சர்வரை ஏற்றி ஓடவிட்டதும் புள்ளிகள் பறந்தன. முன்னைவிட வேகம். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் ரெண்டு பேரும் சிரிக்கவில்லை. மத்தியான ஷிப்டுக்குக் காத்திருந்தோம்.

கேட்டருகே எஞ்சின்கள் ஒவ்வொன்றாய் நிற்கிற சத்தம் கேட்டது. அவள் வருகிறாள் என்று அதிலேயே தெரிந்தது. வந்தாள், உட்கார்ந்தாள். முதல் சீட்டு நொடியில் வந்தது. ரெண்டாவதும் அப்படியே. பாய் வாசல்படியில் ஒரு காலை உள்ளே வைத்தார்.

ஃபேன் குரல் எடுத்தது.

பாய் காலை வெளியே எடுத்தார்.

நேற்றைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அதே அழுகை. அதே வாசனை. புள்ளி நின்றது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மிஷின் பேசி முடிக்கட்டும் என்பது போலக் காத்திருந்தாள்.

எனக்கு அவமானமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சர்வரின் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். அனல். தகடு சுத்தம், பேஸ்ட் புதுசு, ஃபேன் சுற்றுகிறது. அப்படியும் இந்த அனல் என்றால், உள்ளே போகிற காற்றே அனல். பிறகு இன்னொன்றும் உறைத்தது. சர்வர் எந்த வாசனையையும் தானாக உண்டாக்காது. முதுகால் வருவது முகத்தால் போனதுதான்.

எழுந்து வெளியே வந்து, நடை சுற்றி ஸ்டோர் ரூம் கதவுக்குப் போனேன். சாத்தியிருந்தது. தள்ளினேன்.

உள்ளே விளக்கில்லை. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் இருட்டுதான். பிறகு தரையில் சிவப்பாய் ஒரு கண் திறந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு கயிறு எழும்பியது. புகை. சும்மா இருந்தால் புகை கலைந்து கூரைக்குப் போகும். இது போகவில்லை. நேரே எழுந்து, சர்வரின் முகத்துக்கு எதிரே வந்ததும் சட்டென்று வளைந்து, இழுத்துப் பிடித்த மாதிரி அதன் கம்பிவலைக்குள் புகுந்து மறைந்தது. ஒரு துளிகூட வெளியே சிந்தவில்லை. அதன் முகத்துப் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டே குடித்தன, குடித்துக்கொண்டே இருந்தன.

"கதவ சாத்து பா, காத்து வருது," என்றது ஒரு குரல்.

தூபக்காலுக்குப் பின்னால் ஆபீஸ் பெருக்குகிற அக்கா குந்தியிருந்தார். கையில் விசிறி.

"இன்னாக்கா பண்றீங்க?"

"பாத்தியா?" என்று கிசுகிசுத்தார். "எப்பிடி உறியுது பாரு. வெறும் இரும்புப் பொட்டி புகைய இழுக்குமா? உள்ள அவரு கீறாரு பா. அந்தப் பொண்ணு வாசல்ல காலு வச்சதும் அவருக்குத் தெரிஞ்சுடும். பசியோட இருந்தா அது மேல வந்துடுவாருன்னு, அது வந்து உக்காந்த கையோட நான் போட்டுடறேன். ஒரு நாள் உடல."

"அது லீவு போட்டா?"

"அது இல்லன்னா அவரு எதுக்கு வரப்போறாரு?"

ஆலையில் முதலில் எதற்கு சாம்பிராணி போட்டார் என்று கேட்டேன். அவர் செத்த பிறகு அந்த நாற்காலியில் சின்னப் பெண் வந்து உட்காருவதைப் பார்த்து அக்கா பயந்திருக்கிறார். ஒரு நாள் தோஷம் கழித்துவிடலாம் என்று தூபம் போட வந்தார். கம்ப்யூட்டர் அறையில் நெருப்பு கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் இந்தப் பக்கம் வைத்தார். வைத்தால், பெட்டி புகையை இழுத்தது. அதோடு ஃபேன் அழுதது. அக்காவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து தினம். தணலின் அனல் பிராசசரைத் தடுமாற வைத்தது. புகையின் பிசின் இரும்புத்தூளைக் கூட்டித் தகட்டை அடைத்தது. மிஷின் மேலும் அழுதது. அக்கா இன்னொரு பிடி சாம்பிராணி கூட்டிப் போட்டார்.

"இது காத்தாடிக்கா. உள்ள காத்தாடி சுத்துது, அதான் இழுக்குது," என்றேன். ஒரு காகிதத்தைக் கிழித்து வலையருகே காட்டினேன். ஒட்டிக்கொண்டது.

அக்கா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுவும் இழுக்கட்டும். இன்னா இப்போ?"

"இதாலதான் மிஷினு மெதுவா ஓடுது. இதாலதான் அந்தப் பொண்ண வெயில்ல கம்பி கட்ட அனுப்பப் போறாங்க."

விசிறி நின்றது. மிஷின் பற்றித் தெரியாது, காற்றாடி பற்றித் தெரியாது. ஆனால் வெயிலில் கம்பி கட்டுவது என்னவென்று அவருக்குத் தெரியும். தூபக்காலைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே போனார். போகிறவர் திரும்பி, "பாய் கைல சொல்லிடாத பா," என்றார்.

ஃபேன் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் தாழ்த்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஒரு சீட்டைக் கடகடவென்று அடித்தது.

பாயிடம் உண்மையில் பாதியைச் சொன்னேன். காற்று இழுக்கிற பக்கம் சூடு, சர்வரைத் திருப்பி முகத்தை ஏசி பக்கம் வைக்க வேண்டும். அவர் ஸ்டோர் ரூமுக்கு வந்து, தரையிலிருந்த கறுப்புத் தடத்தைப் பார்த்தார். காற்றை மோந்து பார்த்தார்.

"அப்போ அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல?"

"இல்ல பாய்."

"மொதலாளி கேட்டா இத உங்க வாயால சொல்வீங்களா?"

"எழுதியே தரேன்."

அதற்கு மேல் கேட்கவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒயர்களை நீளமாக்கி அன்றைக்கே சர்வரைத் திருப்பினோம். ஸ்டோர் ரூமுக்குப் பூட்டு வந்தது. பாய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவளிடம், "இந்த நாற்காலி உன்னுதுமா. எவனாச்சும் ஏதாச்சும் சொன்னா என்னாண்ட அனுப்பு," என்றார். அவள் தலையாட்டினாள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுநாளும் போனேன். மத்தியான ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருந்தேன். புள்ளிகள் ஓடின. லாரிகள் வந்தன, போயின. அந்த ஆந்திரா டிரைவர் வண்டியை ஆஃப் பண்ணாமலே சீட்டை வாங்கிக்கொண்டு கையாட்டினார். அறையில் ஏசி சத்தம் மட்டும்தான். அவள் ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவே தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். கிளம்பும்போது கேட்டாள்:

"அண்ணா, இனிமே அந்த சத்தம் வராதா?"

"வராதும்மா. கவலப்படாத."

"முன்ன மாதிரியே வைக்க முடியாதா?"

"மெதுவாவா?"

"வேல போற அளவுக்கு இல்ல. கொஞ்சமா. எப்பவாச்சும்."

சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து பாய்க்குப் போன் போட்டேன். மிஷின் பறக்குது, லாரிக்காரங்க பேச்சை நிறுத்திட்டாங்க, மொதலாளியும் வாயை மூடிக்கிட்டார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு காலை ஷிப்டு கேட்டு வாங்கிக்கிச்சு தம்பி."

"ஏன் பாய்? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் கேட்டேன். மத்தியானத்துல அந்த ரூம்ல தனியா உக்காரப் பயமா கீதாம்."

"இத்தினி நாளு உக்காந்துச்சே?"

"அதத்தான் நானும் கேட்டேன்," என்றார் பாய். "இத்தினி நாளு தனியா எங்க உக்காந்தேன்னுது."